பட்ட பனையில் உட்கார்ந்திருப்பவர்

சிவப்பு விளக்கு எரிகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவர், என் வீட்டுக்காரர், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக்குக்கு ஒரு சாண் தள்ளி, தலையைக் கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்த்து நிற்கிறார். எப்போதும் நிற்பாரே, அப்படியே. வேலை இல்லாத இரண்டு வருஷத்தில் மறந்திருப்பார் என்று நினைத்தேன், உடம்பு மறக்கவில்லை. இந்தப் பக்கம் மிஷின் முன்னால் சவுண்ட் என்ஜினியர் ரஃபி, அவருக்கு அடுத்த நாற்காலியில் நான், மடியில் நான் எழுதிய ஸ்கிரிப்ட். திரையில் ஒரு பச்சைப் பறவை. இந்தப் பறவைதான் என்று தெரிந்திருந்தால் வரும் வழியிலேயே தலைவலி, வயிற்றுவலி என்று எதையாவது சொல்லி இவரை வீட்டுக்குத் திருப்பியிருப்பேன். இன்றைக்கு முதலை எபிசோட் என்றுதான் நினைத்தேன். இந்த மக்காவ் கிளி எபிசோடை வழக்கமாகக் குரல் கொடுக்கும் பாலகுரு நேற்றே பேசி முடித்திருக்க வேண்டும், பாலகுருவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, ரஃபிக்கு இவர் ஞாபகம் வந்தது, இவருக்கு போன் வந்தது. வேலை வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் எந்த விலங்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிமிர்ந்து பார்த்தால் திரையில் இது. இந்த ஸ்கிரிப்டில் ஏழாம் பக்கத்தில் நான் இவரை எழுதி வைத்திருக்கிறேன். பெயர் போடவில்லை, பெயர் எதற்கு, படித்தால் இவருக்குத் தெரியும். அதைப் படிக்கப்போகிறவரும் இவர்தான். இப்போது இரண்டாம் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.

"மக்காவ்னா என்ன நினைக்கிறீங்க? ஆளுயரத்துக்கு வாலை விட்டுக்கிட்டு, சினிமா போஸ்டர் கலர்ல வர்ற பெரிய மனுஷங்கதானே? இவங்க அந்தக் குடும்பத்துலயே குட்டி. நம்ம ஊர் பச்சைக்கிளி பக்கத்துல வந்து நின்னா, வால் நீளத்துல நம்ம ஆளுதான் ஜெயிப்பாரு!" இவர் குரல் ஸ்பீக்கரில் வருகிறது. நல்ல குரல், கடவுளே, என்ன நல்ல குரல். இதைக் கேட்டுத்தான் கல்யாணத்துக்குச் சரி என்றேன். ஹிந்தி சீரியல் வில்லன்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் இந்தக் குரல்தான், ராத்திரி ஒன்பது மணிக்குத் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு ஜன்னல் வழியாக என் புருஷன் யாரையாவது மிரட்டிக்கொண்டிருப்பார். பிறகு சீரியல்கள் குறைந்தன, பிறகு சின்னப் பையன்கள் வந்தார்கள், பிறகு மனுஷனே இல்லாமல் கம்ப்யூட்டரே பேச ஆரம்பித்தது. என் பிழைப்பு மட்டும் எப்படியோ ஓடுகிறது. விலங்குப் படங்களுக்குத் தமிழ் எழுதுவது. படத்தை நறுக்கி வைத்த ஒவ்வொரு துண்டையும் நாங்கள் லூப் என்போம், ஒரு லூப்புக்கு இத்தனை விநாடி, அதற்குள் வார்த்தை நிற்க வேண்டும். சேனல்காரர்களுக்கு மௌனம் ஆகாது. பறவை சும்மா உட்கார்ந்திருந்தாலும் நாம் பேச வேண்டும், பேசினால் சிரிக்க வேண்டும், சிரித்தால் அந்தப் பறவை பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரனுக்கு எங்கே போவேன், வீட்டிலிருந்தேதான் எடுக்கிறேன். என் நாத்தனார் நெருப்புக்கோழி ஆகியிருக்கிறாள். வீட்டு ஓனர் நண்டு. என் அண்ணன் கழுதைப்புலியாக வந்து, அதை டி.வி.யில் பார்த்து, "யாருடா எழுதினது, செமயா எழுதியிருக்கான்" என்று என்னிடமே சொல்லிச் சிரித்தான். அது எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். யாருக்கும் தெரியாது, யாருக்கும் வலிக்காது என்று நினைத்துக்கொண்டேன். இவரை மட்டும் அதுவரை நான் தொட்டதில்லை. தொட்டதில்லை என்று பெருமையாகச் சொல்கிறேன் பார், தொட்டாயிற்று.

அன்றைக்கு மழை வந்தது, அதுதான் காரணம் என்று சொல்லலாம். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்போடு நான், பால்கனி நாற்காலியில் இவர். தினமும் அந்த நாற்காலிதான். காலையில் எழுந்ததும் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு "ங்ங்ங்" என்று தொண்டையைப் பழக்குவார், கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே. பிறகு குளித்து, வெளிர்நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, போனை மடியில் முகம் மேலாக வைத்து உட்கார்ந்துவிடுவார், யாராவது கூப்பிட்டால் உடனே கிளம்ப வேண்டுமே. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் சட்டையைக் கழற்றிக் கசங்காமல் ஹேங்கரில் மாட்டுவார். நாளைக்கு மறுபடியும் தேய்ப்பார். அன்றைக்கு மழை கொட்டியபோது கொடியில் துணி நனைந்தது, இவர் கைக்கெட்டும் தூரத்தில், அத்தனை துணியும். இவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் எடுத்தேன். அப்போதே ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை, கத்தியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஈரக் கையோடு வந்து உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துத் திரையில் இந்த லூப்: தண்ணீர் தேங்கிய புல்வெளி, நடுவே உச்சி பட்டுப்போன ஒரு பனை, அதன் பொந்துக்குள் பெண் பறவை அடைகாக்கிறது, மேலே ஆண் பறவை தனியாக உட்கார்ந்திருக்கிறது. இறகை நீவுகிறது. உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவுதான் படம். விரல் தானாக ஓடியது. சத்தியமாகச் சொல்கிறேன், எழுதும்போது சிரித்தேன். எழுதி முடித்து, மறுபடி வாய்க்குள் படித்துப் பார்த்து, மறுபடியும் சிரித்தேன். பால்கனியிலிருந்து இவர் திரும்பிப் பார்த்து, "என்ன, நல்லா வந்திருக்கா?" என்றார். "ம்" என்றேன். அந்த "ம்" இப்போது வந்து அடிக்கிறது.

நான்காம் பக்கம். "ஓகே சார், அடுத்தது போலாம்" என்கிறார் ரஃபி. இவர் பக்கத்தைத் திருப்பும் சத்தம் மைக்கில் கேட்காது, அவ்வளவு பதமாகத் திருப்புவார், கண்ணாடி வழியாகக் கையை மட்டும் பார்க்கிறேன், முகத்தைப் பார்க்கவில்லை. திரையில் பறவையின் முகம் பெரிதாக வருகிறது. கறுத்த அலகு, நெற்றியில் மை தடவியது போல ஒரு நீலம், கண்ணைச் சுற்றி இறகே இல்லாத வெள்ளைத் தோல். மக்காவ் குடும்பத்துக்கே அப்படித்தான், கன்னம் வெறுமையாக இருக்கும். பெரிய மக்காவ் ஒன்றிடம் அது பழகிய ஆள் பேசும்போது அந்தக் கன்னம் சிவப்பதைப் பார்த்திருக்கிறார்கள் என்று இங்கிலீஷ் ஸ்கிரிப்டில் இருந்தது. நான் அதை என்ன பண்ணினேன்? "பாருங்க, வெட்கத்தை மறைக்கக்கூட முகத்துல ஒரு இறகு கிடையாது, பாவம்!" என்று எழுதினேன். இவர் அதை எவ்வளவு அழகாகச் சொல்கிறார், "பாவம்" என்ற இடத்தில் லேசாக இறங்கி. ரஃபி சிரிக்கிறார். என் கன்னம் சுடுகிறது, இங்கே வெளிச்சம் குறைவு, நல்லவேளை. இன்னும் எத்தனை லூப். ரஃபியிடம் மெதுவாகச் சொல்லிவிடலாம், ஏழாம் பக்கத்தில் ஒரு வரியை மாற்ற வேண்டும் என்று. ஏன் என்று கேட்பார். என்ன சொல்வேன், அந்தப் பறவை என் புருஷன் என்று சொல்வேனா. சொன்னால் ரஃபிக்கும் தெரிந்துவிடும், இத்தனை நாள் ஸ்டூடியோவில் எல்லோரிடமும் "அவர் வீட்ல ஒரு பெரிய ப்ராஜெக்ட் பண்ணிட்டிருக்கார்" என்று சொல்லி வைத்திருக்கிறேனே, அதுவும் போகும். இவருக்கு வலிக்கக்கூடாது என்பதைவிட எனக்கு அவமானம் வரக்கூடாது என்பதுதான் முதலில் வந்து நிற்கிறது, பார்த்தாயா செண்பகவல்லி. ஸ்கிரிப்டின் முதல் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது, தமிழ் வசனம்: செண்பகவல்லி உலகநாதன். இவர் பெயரைப் பின்னால் வைத்துக்கொண்டுதான் அதை எழுதியிருக்கிறேன்.

"ரஃபி," என்கிறேன், "ஏழாம் பக்கம் அந்த பிட்டு கொஞ்சம் நீளமா இருக்கோன்னு தோணுது." ரஃபி மிஷினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எது மேடம், அந்த ஹீரோ பிட்டா? ஐயோ, அதுல கை வைக்காதீங்க. எபிசோட்லயே பெஸ்ட் அதான். நேத்து படிச்சுட்டு எங்க வீட்ல வேற படிச்சுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க." வீட்டில் வேறு. ஒரு வீடே சிரித்தாயிற்று. இனி ஒளிபரப்பானால் ஊரே சிரிக்கும், விளம்பரத்துக்குப் பிறகு மறுஒளிபரப்பில் மறுபடி சிரிக்கும். திரையில் பறவைக்கூட்டம் பறக்கிறது, பறக்கும்போது என்ன இரைச்சல், எல்லாம் சேர்ந்து கத்திக்கொண்டே போகின்றன. இறக்கையை விரிக்கும்போதுதான் தோளில் அந்தச் சிவப்பு தெரியும், மடக்கினால் வெறும் பச்சை. குஞ்சுகளுக்கு அந்தச் சிவப்பு கிடையாது, வளர்ந்த பிறகுதான் வரும். செந்தோள் மக்காவ் என்று நான்தான் பெயர் வைத்தேன், இவர் அதை ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வது போலச் சொல்கிறார். இரையெடுக்க உட்கார்ந்தால் இரைச்சல் போடும் அதே கூட்டம் கப்சிப். பனம்பழத்தைக் கடிக்கும் சத்தம் தவிர ஒன்றுமில்லை. கூட்டில் முட்டை இருந்தால் இன்னும் அமைதி, சத்தம் போட்டால் எதிரிக்குப் பொந்து தெரிந்துவிடும். அமைதி. இன்று காலை பாத்ரூமில் சத்தம் கேட்கவில்லை. "ங்ங்ங்" இல்லை. இரண்டு வருஷமாகத் தினமும் கேட்ட சத்தம், உண்மையிலேயே வேலை இருக்கிற நாளில் இல்லை. பதற்றமாக இருக்கும் என்று நினைத்தேன். சட்டை? இப்போதுதான் பார்க்கிறேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பழைய காபிக்கலர் டி-ஷர்ட், தேய்க்காதது, தோளில் கொடிக்கிளிப்பின் தடம் அப்படியே இருக்கிறது. நேற்றுச் சாப்பிடும்போது ஏதோ கேட்டாரே. நான் குழாயடியில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். "வல்லி, மக்காவ்ல சின்னதும் இருக்கா என்ன?" என்றார். "இருக்கு" என்றேன் திரும்பாமல். இவருக்கு எப்படித் தெரியும்? முதலை எபிசோடுக்குப் போகிறவருக்குச் சின்ன மக்காவ் எதற்கு?

"ரஃபி, ஸ்கிரிப்டு அவருக்கு எப்ப குடுத்தீங்க?" "நேத்து சாயங்காலமே வாட்ஸ்அப்ல போட்டுட்டேனே மேடம். சார் கரெக்டா ரெண்டு இடத்துல தப்பு கூடக் கண்டுபிடிச்சு அனுப்பினாரு." படித்துவிட்டார். ஏழாம் பக்கமும் படித்துவிட்டார். படித்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார், ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்று சொல்லாமல் சாப்பிட்டார், படித்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் திரும்பியிருந்தால். தட்டை வைத்துவிட்டுத் திரும்பி முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ, நான் தண்ணீர்ச் சத்தத்தில் "இருக்கு" என்றேன். காலையில் சட்டையைத் தேய்க்கவில்லை, ஏன் தேய்க்க வேண்டும், தேய்த்தால் நான் பார்ப்பேனே. பாத்ரூமில் சத்தம் போடவில்லை, நான் கேட்பேனே. என் முன்னால் தொண்டையைப் பழக்கவே கூசிப்போயிருக்கிறார். எல்லாம் தெரிந்துகொண்டு என்னோடு ஆட்டோவில் உட்கார்ந்து, வடபழனி சிக்னலில் "வெயில் ஏறிடுச்சு" என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். தெரிந்துவிடக்கூடாதே என்று இவ்வளவு நேரம் பயந்தேன். தெரிந்துவிட்டது, நேற்றே தெரிந்துவிட்டது, இப்போது அதை வாயால் சொல்லப்போகிறார், நான் எழுதியதை எனக்கே. இது அதைவிட மோசம். "சார், அடுத்த லூப், ஹீரோ பிட்டு. நல்லா விளையாடுங்க" என்கிறார் ரஃபி. இவர் தலையாட்டுகிறார். ஏழாம் பக்கம்.

புல்வெளி, தண்ணீர், பனை. பறவை இறகை நீவுகிறது. "அதோ பாருங்க நம்ம ஹீரோ! காலங்காத்தால எழுந்து, இறகையெல்லாம் நீவி, மடிப்புக் கலையாம அயர்ன் பண்ணி, 'ங்ங்ங்'னு தொண்டையைச் சரிபண்ணி, பட்ட மரத்துல வந்து உட்கார்ந்தாருன்னா அவ்வளவுதான், மகாராஜா! யாராவது கூப்பிடுவாங்களான்னு பார்க்கிறாரு. யாரும் கூப்பிடல. நாளைக்குக் கூப்பிடுவாங்க. நாளைக்கும் கூப்பிடல. வீட்டம்மா உள்ள வேலையா இருக்காங்க, ஐயா வெளிய போஸ் குடுத்துக்கிட்டு இருக்காரு!" அந்த "ங்ங்ங்"ஐ அப்படியே செய்தார், பாத்ரூமில் செய்வாரே அப்படியே, கீழிருந்து மேலே, முடிவில் ஒரு சின்னத் தடுமாற்றம் வேறு வைத்தார், நான் எழுதாதது. "நாளைக்கும் கூப்பிடல" என்பதற்கு முன் ஒரு மூச்சு அளவு நிறுத்தினார். பறவை சரியாக அந்த இடத்தில் தலையைத் திருப்பியது. ஒரே டேக். ஒரு இடம் பிசகவில்லை. ரஃபி மேஜையைத் தட்டிச் சிரிக்கிறார், கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், "சார், சான்ஸே இல்ல, அந்தத் தொண்டைச் சத்தம் எங்க சார் புடிச்சீங்க!" இவரும் சிரிக்கிறார், எல்லோரிடமும் சிரிக்கிற சிரிப்பு. பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்க்கிறார். உள்ளே வந்ததிலிருந்து முதல் தடவையாகப் பார்க்கிறார். "வல்லி, சரியா வந்திருக்கா? இல்ல, இன்னொரு தடவை போகவா?"

இங்கிருந்து அங்கே பேச ஒரு பொத்தான் இருக்கிறது, ரஃபியின் முழங்கைக்குப் பக்கத்தில். அமுக்கினால்தான் என் குரல் இவர் காதுக்குப் போகும். அமுக்கினேன். "அந்த வரி வேண்டாம்," என்றேன். ரஃபி திரும்பினார். "ஏன் மேடம்?" என் வாய் உடனே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தது, என் வாயை என்ன சொல்ல. "அடுத்த லூப்ல அந்த பெரிய மூக்குப் பறவை முட்டையைத் தேடி வருது, இதுதான் போய்ச் சண்டை போட்டு விரட்டுது. சும்மா உட்கார்ந்திருக்குன்னு சொன்னா ஒட்டாது." உண்மைதான், ஆனால் எழுதும்போதும் அது உண்மையாகத்தானே இருந்தது. இங்கிலீஷ் ஸ்கிரிப்டில் தெளிவாக இருந்தது: ஆண் பறவை காவல் இருக்கிறது. பெண் பறவை பொந்தை விட்டு வராது, ஆண்தான் இரை கொண்டுவந்து ஊட்டும், மற்ற நேரமெல்லாம் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கும். அதைப் படித்தேன், அடித்துவிட்டேன், சிரிப்பு வரவில்லை என்று. இவர் ஸ்டாண்டில் இருந்த தாளைச் சரிசெய்தார். "பரவாயில்ல, இருக்கட்டும் வல்லி. நல்லா எழுதியிருக்க. நேத்து படிக்கும்போதே சிரிச்சுட்டேன்." நல்லா எழுதியிருக்க. எத்தனை வருஷமாக இந்த வார்த்தையை இவர் வாயிலிருந்து கேட்க ஆசைப்பட்டிருக்கிறேன். பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலே சொன்னேன், ரஃபி கேட்டால் கேட்கட்டும், "நான் எழுதினது தப்பு. பறவைக்காகச் சொல்லலங்க. தப்பா எழுதிட்டேன்." ரஃபியின் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், பிறகு ஹெட்போன் வயரில் ஏதோ சிக்கல் இருப்பது போல அதைப் பிரிக்க ஆரம்பித்தார். இவர் சட்டைப்பையில் பென்சில் தேடினார், டி-ஷர்ட்டில் ஏது பை, ஸ்டாண்டில் கிடந்ததை எடுத்துக்கொண்டார். "சரி, சொல்லு," என்றார். சொன்னேன். ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

சிவப்பு விளக்கு. புல்வெளி, தண்ணீர், பனை. "பெண் பறவை உள்ளே அடைகாக்குது. ஆண் பறவை சத்தம் போடாம வெளியே..." குரல் நின்றுவிட்டது. "சாரி," என்றார். ரஃபி படத்தைத் திருப்பி ஓடவிட்டார். "பெண் பறவை உள்ளே அடைகாக்குது. ஆண் பறவை சத்தம் போடாம வெளியே கா..." அதே இடம். அந்தக் கேலியை ஒரே டேக்கில், ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்ன மனுஷனுக்கு இந்த ஒரு வரி வாயில் வரவில்லை. "தொண்டை கட்டுது போல சார், தண்ணி குடிங்க," என்கிறார் ரஃபி, திரையைப் பார்த்துக்கொண்டே. இவர் முதுகைத் திருப்பிக்கொண்டு பாட்டிலை எடுக்கிறார், குடிக்கவில்லை, மூடியைத் திறந்து மூடுகிறார். தோளில் அந்தக் கிளிப்பின் தடம். எழுந்து உள்ளே போகலாம், இரண்டு கதவுதான், போய் என்ன சொல்வேன். பிறகு "ங்ங்ங்" என்று மெதுவாகக் கேட்டது. மைக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே. ரஃபி ஸ்பீக்கரைக் குறைக்கப் போனார், வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்தேன். இவர் திரும்பி வந்து, தலையை இடது பக்கம் சாய்த்து நின்றார். "போகலாம் ரஃபி," என்றார். படம் பின்னால் ஓடியது, பறவை மறுபடியும் அந்தப் பட்ட பனையில் வந்து உட்கார்ந்தது.